தாம்பூலப் பையில் என் நாவல்

எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு இருந்தால் அது கழித்தல் குறி என்பது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். காந்திபுரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து, சுற்றுவட்டாரக் கடைகளுக்கெல்லாம் ஜி.எஸ்.டி. கணக்கு போட்டுக் கொடுக்கும் எனக்கு, அந்தக் கோடு என்னவென்று ஒரு வாரம் விளங்கவில்லை. இதை வெளியில் சொன்னால் இருக்கிற வேலையும் போய்விடும். இருந்தாலும் சொல்கிறேன், எங்கள் ஆடிட்டர் இதையெல்லாம் படிக்கிற ஆள் இல்லை என்ற தைரியத்தில்.

நான் ஒரு நாவல் எழுதியிருந்தேன். அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை வாங்கப் போகிற ஒருவர், ஏமாந்துபோய், சாயம் பூசிய கோவேறு கழுதையோடு திரும்பி வருகிற கதை. (எழுதும்போது இதெல்லாம் வேறு யாருக்கோ நடப்பது என்றுதான் நினைத்திருந்தேன்.) இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒன்று பதிலே போடவில்லை. இன்னொன்று, கதை நன்றாக இருக்கிறது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்தது. அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது: 'ஒரு பைசா செலவில்லாமல் எழுத்தாளர் ஆகுங்கள்.'

நம் புத்தகத்தை நாமே வெளியிட்டுக்கொள்ளும் இணையதளம் அது. கதையை ஏற்றிவிட்டால் போதும். யாராவது கேட்கும்போது ஒரு பிரதி அச்சடித்து அவர்களே அனுப்பிவிடுவார்கள். பைசா செலவில்லை என்பது உண்மைதான். அவர்கள் எதையும் பைசாவில் கேட்கவில்லை. முதல் நாளே ஸ்வேதா என்றொரு பெண் போன் செய்து வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று திட்டங்களை அடுக்கினார். நகைக்கடையில்கூட என்னிடம் யாரும் இவ்வளவு கனிவாகப் பேசியதில்லை. அட்டை வரைய ஒரு கட்டணம். பிழை திருத்த ஒரு கட்டணம். தேடுகிறவர் கண்ணில் புத்தகம் படுவதற்கு ஒரு கட்டணம். (கட்டாவிட்டால் படாது என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் தெரியுமா.) நான் எல்லாவற்றையும் மறுத்துவிட்டு இலவசத் திட்டத்தையே பிடித்துக்கொண்டேன். ஜெயித்துவிட்டதாக நினைப்பு வேறு.

கடைசியில் விலைப் பக்கம் வந்தது. அச்சுக் கூலி, தளத்தின் பங்கு, எனக்கென்று ஒரு பங்கு, பார்சல் கட்டுகிற கூலி, வாசகரிடம் பணம் வாங்குவதற்கே ஒரு கூலி என்று எல்லாம் சேர்ந்து, ஒல்லியான என் நாவலுக்கு அவர்கள் போட்ட விலை ஒரு நல்ல வேட்டியின் விலை. அந்தக் காசுக்கு என் சொந்தக்காரர்கள் வேட்டிதான் வாங்குவார்கள். பக்கத்தை மேலும் கீழும் துழாவியதில் இரண்டு கட்டங்கள் அகப்பட்டன. ஒன்று 'ஆசிரியர் தள்ளுபடி'. மற்றது 'வாசகருக்கு இலவச டெலிவரி'. இரண்டையும் தட்டினேன். விலை பாதியாக இறங்கியது. அடியில் பொடி எழுத்தில், 'வித்தியாசத் தொகை ஆசிரியர் கணக்கில் சரிசெய்யப்படும்' என்றிருந்தது. என் கணக்கில் வந்து சேரும் என்று புரிந்துகொண்டு, கேட்ட இடத்தில் கார்டு நம்பரையும் கொடுத்தேன். கணக்கில் சரிசெய்வது என்றால் என்னவென்று நாள் முழுக்க ஊருக்கு விளக்கம் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

புத்தகம் வெளியானது. சொந்தக்காரர்கள் பாசக்காரர்கள், விலையும் சல்லிசு, வாங்கித் தள்ளினார்கள். தினமும் கணக்குப் பக்கத்தைத் திறந்து, ஏறிக்கொண்டே போகும் தொகையைப் பார்த்துப் பூரித்தேன். முன்னால் இருந்த கோட்டை ஏதோ அலங்காரம் என்று எடுத்துக்கொண்டேன். என் மனைவி சுதாதான் ஒருநாள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, அதென்னுங்க மைனஸ் போட்டிருக்குது?"

ஸ்வேதாவுக்குப் போன் போட்டேன். தள்ளுபடியும் டெலிவரியும் ஆசிரியரின் பொறுப்பு என்றும், என் பங்கைக் கழித்த பிறகும் ஒரு பிரதி விற்றால் நான் அவர்களுக்கு அறுபது ரூபாய் தர வேண்டும் என்றும், மாதக் கடைசியில் அது கார்டிலிருந்து தானாகவே போய்விடும் என்றும் நிதானமாக விளக்கினார்.

"விக்கலைன்னா?" என்று கேட்டேன்.

"விக்கலைன்னா உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல சார்."

விலையை ஏற்றலாமா என்றேன். ஏற்றலாம், திருத்தக் கட்டணம் உண்டு, மூன்று வாரம் ஆகும் என்றார். அப்படியானால் புத்தகத்தையே எடுத்துவிடுங்கள் என்றேன். எடுப்பதற்கான கட்டணம் அதைவிட அதிகம். பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தக் கட்டணத்தைக் கட்டினேன். மூன்று வாரத்துக்கு என் புத்தகத்தை ஒரு மனுஷனும் வாங்கிவிடக் கூடாது என்று மருதமலை முருகன் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அந்த மூன்று வாரத்துக்குள்தான் பவானியில் என் மச்சினனுக்குக் கல்யாணம்.

என் மாமனார் பவானிக்குப் பக்கத்தில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், "நம்ம மாப்ள, கோயமுத்தூர்ல இருக்காருங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எழுத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு, உங்கள் பக்கம் மழை எப்படி என்று கேட்பார். அப்படிப்பட்டவர் போன் செய்தார். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காயோடு என் புத்தகத்தையும் போட்டுக் கொடுக்கப் போவதாகவும், மண்டியில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணிடம் முந்நூறு பிரதிக்கு ஆர்டர் போடச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். அந்தக் குரலில் இப்படியொரு மலர்ச்சியை நான் கேட்டதே இல்லை.

முந்நூறை அறுபதால் பெருக்கிப் பார்த்தேன். அலுவலகத்தில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் பவானிக்கு பஸ் ஏறினேன். மண்டியில் அவர் எதிரில் உட்கார்ந்து, புத்தகம் அவ்வளவு நன்றாக இல்லை, எழுத்துப் பிழைகள் நிறைய, கல்யாண வீட்டில் போய்க் கழுதைக் கதையா என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல அவர் முகம் விரிந்துகொண்டே போனது. மாப்பிள்ளைக்கு எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று பக்கத்திலிருந்த வியாபாரியிடம் பெருமைப்பட்டார். கடைசி முயற்சியாக, கொஞ்சம் பொறுத்தால் நானே வெளியில் அச்சடித்துக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன்.

"நீங்க குடுத்தா எங்கிட்டக் காசு வாங்க மாட்டீங்க மாப்ள. தூக்கம் முழிச்சு எழுதீருக்கீங்க. அதுக்குண்டான காசு உங்களுக்கு வந்து சேரோணும். அதுக்குத்தான் கம்பெனிலயே போடச் சொன்னனுங்க."

இந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வராதா என்று கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தவன் நான். அது வந்தேவிட்டது, பிரதிக்கு அறுபது ரூபாய் வீதம். உண்மையை விழுங்கிவிட்டு, ரொம்பச் சந்தோஷம் மாமா என்றேன். மஞ்சள் தூள் பட்டுவிட்டதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று பாதிப் பேருக்குக் கொடுத்து முடிப்பதற்குள் பைகள் தீர்ந்துபோயின. உடனே மேடையில் மைக் வைத்திருந்தவர், பை கிடைக்காதவர்கள் வருத்தப்பட வேண்டாம், மாப்பிள்ளை வீட்டு மருமகனின் புத்தகத்தைப் போனிலேயே வாங்கலாம், டெலிவரி இலவசம் என்று அறிவித்துவிட்டார். பந்திக்கு நின்ற வரிசை நின்ற இடத்திலேயே போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தது. எனக்குத் தட்டுகிற விரல்கள் மட்டும்தான் தெரிந்தன. பட்டு வேட்டி தடுக்க மேடைக்கு ஓடி மைக்கைப் பிடுங்கினேன்.

"தயவுசெஞ்சு ஆரும் வாங்காதீங்க. உங்க காலப் புடிச்சுக் கேட்டுக்கறனுங்க."

மண்டபமே கை தட்டியது. இப்படி ஒரு தன்னடக்கத்தைப் பார்த்ததில்லை என்று அந்தியூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், குதிரை வைத்திருக்கும் தன் கூட்டாளிகளுக்கென்று கூடுதலாகப் பத்துப் பிரதி ஆர்டர் போட்டார். போட்டுவிட்டு என்னைத் தேடிவந்து காட்டவும் செய்தார்.

அதற்குமேல் சுதாவால் பொறுக்க முடியவில்லை. பந்தியை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த அப்பாவைச் சமையல்கட்டுப் பக்கம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நான் பாயச அண்டாவைப் பார்த்தபடி நின்றேன். மாமனார் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிப் போட்டார்.

"இரு அம்மணி. வாங்குன நாமளும் காசு குடுத்தோம். எழுதுன மாப்ளையும் காசு குடுக்கோணும். அப்ப ரெண்டு பக்கமும் வாங்கிப்போட்டுப் போனவன் ஆரு?"

"அந்தக் கம்பெனிக்காரனுங்க மாமா," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. காலமெல்லாம் வியாபாரத்தில் கிடந்தவரின் கண்ணில் மெல்ல ஒரு மரியாதை எழுந்தது. அது எனக்கானது அல்ல.

"அந்த ஆளோட நம்பர் இருந்தாக் குடுங்க மாப்ள. மண்டிக்குப் பார்ட்னராச் சேத்திக்கலாமுங்க."

அந்த மாதம் கார்டிலிருந்து போன தொகைக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம். பாதியைத் தான் தருவதாக மாமனார் சொன்னார். நான் ரோஷத்தோடு மறுத்துவிட்டேன். (சுதா வாங்கிக்கொண்டாள்.) விலையும் ஒருவழியாக மாறியது. இப்போது ஒரு பிரதி விற்றால் ஒரு டீக்கும் பஜ்ஜிக்கும் ஆகிற காசு எனக்கு நிற்கும். ஆனால் ஒன்றும் விற்பதில்லை. விலை மாறிவிட்ட விஷயத்தை மாமனாரிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அந்தக் கம்பெனியை நம்ப மாட்டேன் என்கிறார். எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் தோளில் கை போட்டு நாலு பேர் நடுவில் நிறுத்திவிடுகிறார்.

"நம்ம மாப்ளைங்க. பெரிய எழுத்தாளரு. குடும்பம் நல்லாருக்கோணும்னு நெனச்சீங்கன்னா, இவரு புஸ்தகத்த மட்டும் வாங்கிப்போடாதீங்க."

எல்லோரும் சிரிக்கிறார்கள். பாசக்காரர்கள், சொன்னதைக் கேட்டு நடக்கிறார்கள்.