செடிக்கு வைத்த போர்டு

எம். புதுப்பட்டி

மதிப்பிற்குரிய தாய்மாமன் சோணைமுத்து அவர்களுக்கு, மருமகன் முனியராஜ் வணக்கத்துடன் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். அத்தையும் சினேகாவும் நலமா? நீங்கள் போனை எடுக்காததால்தான் கடிதம் எழுதவேண்டியதாகிவிட்டது.

மாமா, வாட்ஸ்அப்பில் நீங்கள் பார்த்தது என் சமாதி இல்லை. எங்கள் பட்டாசுக் கம்பெனியைப் பசுமையாகக் காட்டுவதற்காக ஆளுக்கொரு நாட்டுச்செடி வளர்க்கச் சொன்னார்கள். முதலாளி மகன் ஹரிபிரசாத் எங்கிருந்தோ கன்றுகளை லோடு ஏற்றி வந்தார். என்ன செடி என்று அவருக்கும் தெரியாது. ஆனால் போர்டுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. மேலே செடியின் பெயருக்கு இடம் விட்டு, கீழே என் பெயர், நட்ட தேதி, ஓரத்தில் இரண்டு பூப்படம். நம் பக்கத்தில் மண்ணைக் குவித்து, பட்டாசு வேலைக்காரன் பெயரையும் தேதியையும் எழுதி வைத்தால் சனம் என்ன நினைக்கும்? அச்சடித்தவனுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வேலிக்கு வெளியே போன யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வாசலில் பந்தல் போட ஆள் நிற்கிறான். அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள். என்னைப் பார்த்ததும், "ஏலே, அப்ப போர்டுல இருக்கது யாருலே?" என்றாள். "நாந்தாம்மா" என்றேன். மறுபடி அழ ஆரம்பித்துவிட்டாள். துக்கத்துக்கு வந்த பாண்டிலட்சுமி அக்கா, "சரி, வந்தது வந்துட்டோம், ஒரு காப்பியாவது போடுங்க" என்றார்.

அன்றைக்கே நீங்கள் அம்மாவிடம் போனில், "இன்னைக்குப் போர்டு முந்திருச்சு, நாளைக்கு வெடி முந்தும். ஒண்ணு, அந்த வேலைய விடச் சொல்லு. இல்லாட்டி போர்டுல செடிப் பேரு வரட்டும். அதுவரைக்கும் கல்யாணப் பேச்சே வேண்டாம்" என்றீர்களாம். சீசன் நேரத்தில் வேலையை எப்படி விட முடியும்? அதனால் செடியின் பெயரைத் தேடிப் புறப்பட்டேன்.

அந்தச் செடிக்கு இருக்கும் மரியாதை எனக்கு இல்லை, மாமா. வெயில் படக்கூடாதென்று அதற்குப் பச்சை வலை கட்டியிருக்கிறார்கள். பக்கத்து மேடையில் வெடி காயப்போடும் நாங்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறோம். எனக்குக் காய்ச்சல் என்று சொன்னபோது போர்மேன் கருத்தப்பாண்டி கேட்டது, "அப்ப செடிக்கு யாருலே தண்ணி ஊத்துறது?"

ஒருவழியாகப் பூத்தது. உள்ளே போன் கூடாது என்பதால் பூவைப் பறித்து கேட்டுக்கு வெளியே கொண்டுபோனேன். கையிலிருந்த அலுமினியப் பொடி பூவெல்லாம் அப்பி வெள்ளிபோல் மின்னியது. ஹரிபிரசாத்தின் போனில் இருந்த, செடியைக் காட்டினால் பெயர் சொல்லும் ஆப் அதைப் பார்த்து 'பிளாஸ்டிக் பூ' என்றது. இலையைக் காட்டினால் கத்தரி என்றது. அடுத்து என் விரலைப் பார்த்துவிட்டு மீன் என்றது. "மீனுன்னே போட்டுருவோம்லே. லேபிள் ஒட்டுனா முடிஞ்சது சோலி" என்றார் போர்மேன்.

கடைசியில் இன்னொரு பூவை டீக்கடைக் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவிக் காட்டினேன். மஞ்சள் பூ, இலைக்கடியில் முள். செம்முள்ளி என்று வந்தது. ஆமத்தூர் கண்மாய்க் கரையில் உங்கள் வேட்டியைக் கிழிக்கும் அதே முள்செடி. பூவில்லாத கன்றாக இருந்ததால் அடையாளம் தெரியவில்லை. போன மாதம் இந்தக் கன்றுகளுக்குக் குழி தோண்டுவதற்காக வேலியோரம் எங்களை வெட்டச் சொன்னதும் அதைத்தான். வெட்டி எரித்த இடத்திலேயே அதைக் காசு கொடுத்து வாங்கி வந்து நட்டிருக்கிறார்கள்.

போகட்டும். நாளை புதுப் போர்டு வருகிறது. மேலே பெரிதாகச் செம்முள்ளி, கீழே 'வளர்ப்பவர்: முனியராஜ்'. செத்தவனை யாரும் அப்படி எழுத மாட்டார்கள். ஆகவே எனக்கும் சினேகாவுக்கும் ஆவணியில் நாள் குறிக்கவும். அத்தைக்கு என் வணக்கம். சினேகாவிடம் அழவேண்டாம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
முனியராஜ்

பின்குறிப்பு: போர்டு வந்துவிட்டது. செம்முள்ளி மட்டும் இருக்கிறது, என் பெயர் இல்லை. கேட்டேன். "செடி நிக்கும்லே. ஆளு மாறிக்கிட்டே இருப்பான். பேரு எதுக்கு?" என்றார் போர்மேன். கணக்கை முடித்துக்கொண்டு, செடியையும் வேரோடு பெயர்த்து எடுத்து வந்துவிட்டேன். சினேகா வேலைக்குப் போகும் அச்சகத்தில் லோடு ஏற்ற ஆள் வேண்டுமா என்று கேட்டு வைக்கவும். ஞாயிற்றுக்கிழமை செடியோடு வருகிறேன். முள் இருக்கிறது, பார்த்து வாங்குங்கள்.