கொக்குக்கு அடுத்த வரி

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தாண்டியிருந்தால் சீமெந்துக் கல் தொழிலில் இந்த உயரத்துக்கு வந்திருக்க மாட்டேன் என்பது வேறு கதை. வவுணதீவுப் பக்கம் நீங்கள் காணும் மதில்களில் பாதி என் கல். (வெடிக்காமல் நிற்கும் பாதி.) அப்படிப்பட்ட நான் ஜப்பான்காரரின் ஹைக்கு கவிதைகளை ஆங்கிலத்தில் படித்து ரசித்தவன் என்றால் நம்ப மாட்டீர்கள். அந்த ரசனை என் மகளின் கலியாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது என்றால் உடனே நம்புவீர்கள்.

புத்தகம் என் மகள் சுகந்தியுடையது. தன்னாமுனையில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். ஒருநாள் திறந்து பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு மூன்றே வரி, மீதி வெள்ளைக் கடதாசி. என்னை நினைத்தே யாரோ அச்சடித்தது போல் இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு கவிதை.

ஒன்றில் மழை பெய்தது. அவ்வளவுதான். யார் நனைந்தார், ஏன் நனைந்தார், ஒன்றும் இல்லை. நான் மட்டும் நனைந்துபோய் வாவியைப் பார்த்தபடி இருந்தேன். அன்று புதிதாய் அரிந்த பச்சைக் கல்லுக்குத் தண்ணீர் ஊற்ற மறந்து நூறு கல் வெடித்தது. (முதல் பத்தியில் இவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை.) மூன்று வரிசைக் கல், கூரை இல்லை, கதவு இல்லை. ஆனாலும் உள்ளே போய் இருக்கலாம். ஹைக்கு என்றால் அதுதான். சொல்லாமல் விடுவதில்தான் ருசி என்று முன்னுரையில் இருந்தது. அதை நான் வாழ்க்கைக்கே எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் களுதாவளைக்கு மாப்பிள்ளை கேட்டுப் போனோம். பெடியன் சுகந்தியோடு படிப்பிக்கிறவன். இருவருக்கும் விருப்பம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் "மகளுக்கு வீடு தாறன்" என்று பெண்ணின் தகப்பன் சபையில் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் நாங்கள் கொண்டுபோகும் வெற்றிலைத் தட்டை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பார்கள்.

மாப்பிள்ளையின் தகப்பன் ஓய்வுபெற்ற ஆங்கில மாஸ்டர். விடுவேனா? வான் வண்டியில் போகும்போதே மனைவியின் அண்ணன் தங்கராசாவிடம் சொன்னேன்.

"இண்டைக்கு மாஸ்டர் ஆடிப்போவார், பாரு."

"மச்சான், வீட்டைச் சொல்லிப்போட்டு மறுகா ஆட்டுங்க," என்றான் தங்கராசா.

நல்ல பின்னேரம். வாசலுக்கு நேரே வாவி. தேநீர் வந்தது. பேச்சு நல்லபடி போனது. என் மனைவியோடு பெண்களெல்லாம் உள் அறையில்.

"அண்ணன், மத்ததெல்லாம் சரி," என்றார் மாஸ்டர். "வீட்டு விசயத்தை மட்டும் உங்கட வாயால ஒருக்காச் சொல்லிப்போடுங்க."

நான் வாசலைப் பார்த்தேன்.

"வாவி," என்றேன்.

எல்லோரும் திரும்பி வாவியைப் பார்த்தார்கள்.

"ஒரு கொக்கு."

நிறுத்தினேன். மூன்றாவது வரியைக் கேட்பவர்களுக்கே விட்டேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கொக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒற்றைக் காலில் நின்றது. தண்ணீர் பொன்னாகி, மெல்லச் செம்பாகி, அதன் நிழலைத் தொட்டுத் தொட்டு விட்டது. நான் எதற்கு வந்தேன், யாருடைய கதிரையில் இருக்கிறேன், ஒன்றும் நினைவில் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தேநீரில் ஆடை படிந்திருந்தது.

மாப்பிள்ளையின் தாய் கதவடிக்கு வந்து மெல்லிய குரலில் சொன்னது கனவில் போலக் கேட்டது. "இஞ்சேருங்க, அவருக்கு விருப்பமில்லப் போல. வில்லங்கப்படுத்தாதீங்க."

மாஸ்டர் வெற்றிலைத் தட்டை எங்கள் பக்கமே திருப்பித் தள்ளி வைத்தார். தங்கராசா என் தொடையில் கிள்ளினான். எனக்கு அது நுளம்புக் கடி. வீட்டில் சுகந்தி ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நானோ கொக்கின் மற்றக் காலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் உள் அறையிலிருந்து என் மனைவியின் குரல் இடிபோல விழுந்தது.

"வீடு தாறாராம்! கட்டி முடிஞ்சி, கக்கூசுக்கு மாபிளும் போட்டாச்சி! அந்த மனிசனுக்குப் புத்தகம் பிடிச்சிருக்கு, வேற ஒண்டுமில்ல!"

கொக்கு பறந்துவிட்டது. (களுதாவளையிலிருந்து வவுணதீவு வரைக்கும் ஒரு கொக்கும் மிஞ்சியிருக்காது.)

நான் திடுக்கிட்டு, "ஓம், ஓம், தாறன்," என்றேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார், வாவியைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வாவி. ஒரு கொக்கு. வீடு தாறாராம்," என்று விரல்விட்டு எண்ணினார். "முப்பது வருசம் இங்கிலீசு படிப்பிச்சன் அண்ணன், இப்பிடியொரு மூணாம் வரி படிக்கல்ல. உங்கட பொஞ்சாதிதான் கவிஞர்." சிரித்துக்கொண்டே தட்டை எடுத்தார்.

கலியாணம் நடந்தது. மகளும் மருமகனும் அந்த வீட்டில் இருக்கிறார்கள். நாங்கள் பின்னால் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். புத்தகமும் என்னோடு வந்தது. பின்னேரங்களில் மடியில் அதை விரித்துக்கொண்டு வாவியைப் பார்த்தபடி இருப்பேன். நான் சற்றுப் பேசாமல் இருந்தால் போதும். மருமகன் எட்டிப் பார்ப்பார்.

"மாமா ரெண்டு வரி முடிச்சிட்டார்!"

உடனே குசினி அடுப்படியிலிருந்து மூன்றாவது வரி வரும்.