பாடம் பிழிகிறவருக்கு ஒரு காய்

உலகத்தில் சிலர் சும்மா இருப்பார்கள், சிலர் சும்மா இருக்க மாட்டார்கள். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. அவர்கள் எதையும் சும்மா இருக்க விடமாட்டார்கள். பாடம் பிழிகிறவர்கள் என்று பெயர். மழை பெய்தால் நமக்கெல்லாம் சட்டை நனையும், இவர்களுக்கு மட்டும் அதிலிருந்து ஒரு பாடம் சொட்டும். பேருந்தைத் தவறவிட்டால் ஒரு பாடம், ஓடிப்போய்ப் பிடித்துவிட்டால் வேறொரு பாடம், பேருந்தே வராவிட்டால் பொறுமையைப் பற்றி அரை மணி நேரம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். தப்பி ஓடியும் இருப்பீர்கள்.

நம்முடையவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பிரிவு அதிகாரி. முதுகுக்குப் பின்னால் அங்கே அவருக்கு வழங்கும் பெயர் பிழிசாறு. நல்ல மனுஷர்தான், அதில் சந்தேகமே வேண்டாம். கையெழுத்துக் கேட்டால் உடனே போட்டுவிடுவார். பேனாவை மூடும்போதுதான் ஆபத்து. "இந்த மூடி இருக்கே, இதுல ஒரு விஷயம் கவனிச்சீங்களா?" என்பார். கையெழுத்து வாங்க வந்தவர் சுவரோடு சுவராக நகர்ந்து வாசலை அடையப் பார்ப்பார்.

இப்படிப்பட்டவரைக் கொண்டுபோய் மழலையர் வகுப்புக்குள் விட்டால் என்ன ஆகும்? விட்டார்கள். அவருடைய ஐந்து வயது மகள் படிக்கும் வகுப்பில், பெற்றோர் முறைபோட்டுக்கொண்டு ஒரு காலை வந்து மிஸ்ஸுக்கு ஒத்தாசை செய்ய வேண்டும். மூக்கைத் துடைத்துவிடுவது, ஷூ நாடா கட்டுவது, திறக்காத டப்பாவைத் திறந்து கொடுப்பது, அவ்வளவுதான் வேலை. மனைவிக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. இவர் போனார்.

வாசலில் கழற்றிவிட்ட குட்டிச் செருப்புகளைப் பார்த்தவுடனேயே ஒரு பாடம். களிமண் உருட்டுகிற மேசையில் இரண்டு. ஒரு பையன் இன்னொருவனின் பென்சிலைக் கடித்தான், பென்சிலுக்குச் சொந்தக்காரன் ஓவென்று அழுதான், அழுகை முடிவதற்குள் இருவரும் சேர்ந்து மூன்றாவது ஒருவனின் ரப்பரைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிழிசாறுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா மிஸ், மன்னிக்கறது எவ்ளோ சுலபம்."

மிஸ் ஒரு கையால் ஒருத்தியின் அவிழ்ந்த பின்னலையும் மறு கையால் கவிழப்போன பெயின்ட் டப்பாவையும் பிடித்துக்கொண்டிருந்தார். "சார், அந்த நாடாவக் கொஞ்சம் கட்டிவிடுங்களேன்" என்றார்.

மகள் அதற்குள் குட்டி நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு ரயில் செய்திருந்தாள். கடைசி நாற்காலியில் யாரையும் உட்காரவிடவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "அது எங்க அப்பா எடம்" என்றாள்.

"அப்பா, வா. ரயில் கெளம்புது."

"இதோ வந்துட்டேன் கண்ணு. மிஸ், இந்த ரயில்ல டிக்கெட்டே கெடையாது, கவனிச்சீங்களா? ஏன்னு யோசிச்சுப் பாத்தா..."

அவர் யோசித்துப் பார்த்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. நாற்காலிகளைச் சுவரோரமாக அடுக்கிவிட்டார்கள். மகள் நேரே அவரிடம் வந்தாள், சுண்டுவிரலை நீட்டினாள். "காய். உன்கூடப் பேசமாட்டேன்."

பெற்ற அப்பனுக்கு என்ன ஆகியிருக்க வேண்டும்? நெஞ்சு துணுக்குற்றிருக்க வேண்டும். இவருக்கு என்ன ஆயிற்று? முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க மிஸ், மனசுல எதையும் வச்சுக்கறதே இல்ல."

அப்புறம் அலுவலகத்தில் காயைத் தவிர வேறு பேச்சு ஏது? காலையில் காய், கோப்பு நகர்ந்தால் காய், டீ வந்தால் காய். "கொழந்தைங்க காய் விட்டா அஞ்சே நிமிஷம், அப்பறம் பழம். நாம என்ன பண்றோம்? வருஷக்கணக்கா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறோம்."

பக்கத்து மேசைக்காரர் டீயை ஊதிக்கொண்டே கேட்டார். "அப்ப பாப்பா பழம் விட்டாச்சா சார்?"

பிழிசாறு விரல்விட்டு நாளை எண்ணிப் பார்த்தார்.

விடவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சாயங்காலம் கதவைத் திறந்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிற ஆள் கொஞ்ச நாளாக வருவதில்லை. அவர் பக்கத்திலேயே நிற்கும்போதுகூட, "அம்மா, தண்ணி எடுத்துத் தரச் சொல்லு அப்பாவ" என்று சமையலறைக்குத் தகவல் போகும். அதையும் இத்தனை நாள் நல்ல நிர்வாக முறை என்று ரசித்துக்கொண்டிருந்திருக்கிறார். டீயை அப்படியே வைத்துவிட்டார்.

அன்று மாலை மகள் முன்னால் மண்டியிட்டார். "கண்ணு, பழம் விடேன்."

மகள் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "ரயில்ல வந்து ஒக்காந்தாதான் பழம்னு சொல்லும்மா. பேசக் கூடாதுன்னும் சொல்லு."

"கேட்டுச்சுல்லங்க?" என்றாள் மனைவி.

"பேசாமன்னா, கொஞ்சம்கூடவா?"

சுண்டுவிரல் மறுபடி எழுந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு மகளின் வகுப்புக்குப் போனார். ரயிலில் கடைசி நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்கார்ந்தார், அல்லது திணித்துக்கொண்டார். முழங்கால் மோவாயை இடித்தது. ரயில் கிளம்பியது, அதாவது இருந்த இடத்திலேயே இருந்தது. எங்கேயும் போகாத ரயில். நகராமலே ஊர் போய்ச் சேர்கிற பயணிகள். அதிலிருந்து எத்தனை பாடம் பிழியலாம், நீங்களே சொல்லுங்கள். எல்லாம் தொண்டை வரை வந்து முட்டிக்கொண்டு நின்றன. அவர் கழுத்து நரம்பு புடைத்தது, காது சிவந்தது. முன் நாற்காலியிலிருந்து மகள் திரும்பி, டிக்கெட் பரிசோதகர் மாதிரி அவரை உற்றுப் பார்த்தாள்.

"கூ..." என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை.

இறங்கும்போது நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது, மிஸ்ஸும்தான். மகள் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்து இழுத்து அவரை விடுவித்தாள். பிறகு இரண்டு விரலை நீட்டி, "பழம்" என்றாள், காலைக் கட்டிக்கொண்டாள். அவர் அழுதேவிட்டார். அந்த அழுகையிலிருந்து ஒரு சொட்டுப் பாடம்கூடப் பிழியவில்லை.

இத்தோடு திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களா? மறுநாள் டீ வந்ததும், "பேசாம இருக்கறதப் பத்தி நேத்து ஒரு பெரிய பாடம் கத்துக்கிட்டேன்" என்று ஆரம்பித்தார். டீ ஆறி ஆடை கட்டுகிறவரை பேசினார். பக்கத்து மேசைக்காரர் சுண்டுவிரலை நீட்டினார்.

போகட்டும், அவர் சமாசாரம். நீங்கள் எப்படி? 'ஆக, குழந்தைகளோடு இருக்கும்போது நாம்...' என்று உங்கள் மனசுக்குள் இப்போது ஒரு வாக்கியம் உருண்டு திரண்டு வருகிறதா? யாரையாவது கூப்பிட்டு உட்காரவைத்து அதைச் சொல்ல வாய் துறுதுறுக்கிறதா?

அப்படியானால், உங்களோடு நான் காய்.