மாப்பிள்ளை முகம் பார்க்கும் படலம்

முகம் கழுவி முப்பது நிமிடம் ஆக இன்னும் பதினொரு நிமிடம் பாக்கி இருந்தது. அதுவரை முகத்தில் எதையும் பூசக் கூடாது, தொடவும் கூடாது. கொரிய வீடுகளின் வழக்கப்படி அடியில் சூடேற்றிய தரையில் படுத்துக்கொண்டு உஜின் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் முடிந்ததும் எண்ணெய் ஒற்றும் தாளை நெற்றியிலும் மூக்கிலும் கன்னத்திலும் ஒற்றிப் பார்த்தால், தன்னுடையது என்ன வகைச் சருமம் என்று தெரிந்துவிடும்.

முப்பத்தாறு வருடமாக அந்த முகத்தோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இந்தச் சந்தேகம் ஒரு நாளும் வந்ததில்லை. தென் கொரியாவின் தேகு நகர வாகனப் பதிவு அலுவலகத்தில் வேலை. கைக்கு அகப்பட்ட சோப்பைப் போட்டுக் கழுவுவான், அதோடு சரி. இப்போது அவன் காதலி நாரேயின் அம்மா, வரும் சனிக்கிழமை நேரில் வரச் சொல்லியிருந்தார். அவர் முப்பது வருடமாக முகப் பராமரிப்பு நிலையம் நடத்துகிறவர். சந்திப்பும் அந்த நிலையத்திலேயே.

"உக்காந்ததும் உங்க ஸ்கின் என்ன டைப்புன்னு கேப்பாங்க, ஓப்பா," என்று, காதலனை அழைக்கும் செல்லச் சொல்லோடு, நாரே முன்கூட்டியே எச்சரித்திருந்தாள்.

"தெரியலைன்னு சொன்னா?"

"இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அக்காவைப் பார்க்க ஒருத்தர் வந்தார். உரிச்ச முட்டை மாதிரி முகம். என்ன டைப்பு, காலையில என்ன க்ரீம், ராத்திரி என்ன க்ரீம், எல்லாம் ஒப்பிச்சார். பத்தே நிமிஷத்துல அம்மா அனுப்பிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அக்கா ஒரு மாசம் அழுதா. அம்மா வேண்டாம்னா வேண்டாம்தான்."

உரித்த முட்டைக்கே அந்தக் கதி என்றால் தன் கதி என்ன என்று உஜின் கணக்குப் போட்டுப் பார்த்தான். நாரே இல்லாமல் அடுத்த வருடத்தை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு முறை அந்த நிலையத்தைத் தாண்டிப் போனபோது, கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு படங்கள் மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறான். 'முன்' என்ற படத்தில் ஓர் இளைஞன். கன்னமெல்லாம் சிவந்து, தோல் செதில் செதிலாக உரிந்து, மூக்கு மட்டும் பளபளத்தது. பக்கத்தில் 'பின்' என்ற படத்தில் மாசு மருவற்ற முகம். அந்த முதல் படம் இப்போது அவன் கனவில் வர ஆரம்பித்திருந்தது.

கவலையிலும் தூக்கம் வரும் என்பதற்கு உஜினே சாட்சி. சூடான தரையில் கன்னத்தை வைத்தபடி தூங்கிப்போனான். ஒன்றரை மணி நேரம் கழித்து எழுந்தபோது முகம் அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. தாளில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. வறண்ட சருமம் என்று முடிவு கட்டி, இருப்பதிலேயே கெட்டியான க்ரீமை வாங்கி இரண்டு வேளையும் அப்பிக்கொண்டான்.

புதன்கிழமை அலுவலக விருந்து, பன்றிக்கறி சுடும் கடையில். எதற்கும் உறுதி செய்துகொள்ளலாம் என்று அங்கேயே முகம் கழுவிவிட்டு, அடுப்புக்கு எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்தான். தாள் எண்ணெயில் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரியும் அவனுக்கு மூத்தவளுமான கோ அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இதுவா வறண்ட முகம்? இதுல இன்னொரு தட்டு கறி வறுக்கலாம், தம்பி."

கறிப்புகைக்கு நடுவில் உட்கார்ந்தால் யார் முகத்திலும் எண்ணெய் வழியும் என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. க்ரீமைத் தூக்கிப் போட்டுவிட்டு, களிமண் பூச்சும் முகத்து எண்ணெயை எடுக்கும் டோனரும் வாங்கச் சொன்னாள் கோ. வாங்கினான். வெள்ளிக்கிழமை கன்னம் தீயாய் எரிந்தது, செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. நாள் தள்ளிப் போடலாமா என்று நாரேயிடம் கெஞ்சிப் பார்த்தான். தேதியை மாற்றுகிறவர்களை அம்மா மறுபடி பார்க்கவே மாட்டார் என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஊர்ப் பொதுக் குளியல் கூடத்துக்கு ஓடினான். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறினான். செதில் போனால் போதும் என்று, உடம்பு அழுக்கு தேய்க்கும் சொரசொரப்பான பச்சைக் கையுறையை மாட்டிக்கொண்டு முகத்தைப் பரபரவென்று தேய்த்தான். அங்கே முதுகு தேய்த்துவிடும் ஆள், அது முகத்துக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்திருந்தது. கண்ணாடியில் வேகவைத்த இறாலொன்று உஜினை மிரண்டு பார்த்தது.

நிலையத்துக்குள் நுழைந்தவனைப் பார்த்ததும் நாரேயின் முகம் வெளுத்துப்போனது. மூலையில் அவள் அப்பா துண்டு மடித்துக்கொண்டிருந்தார். பேசாத மனிதர். முப்பது வருடம் முக நிலையத்திலேயே இருப்பவருக்கு இவ்வளவு சிவந்து உரிந்த கன்னங்களா என்று உஜின் நினைத்தான். அதைப் பற்றி மேலும் யோசிக்கும் நிலையில் அவன் இல்லை.

அம்மா விளக்கை இழுத்து, உஜினின் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"என்ன டைப்பு?"

மனப்பாடம் செய்து வந்த நான்கு பதில்களும் பறந்துபோயின.

"தெரியலைம்மா. தரையில படுத்தா வறண்டது, கறிக்கடையில எண்ணெய், இப்ப எரியுது. உங்க பொண்ணை விட்டுட்டு என்னால இருக்க முடியாது. நிச்சயமாத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

அம்மா எழுந்து உள்ளே போனார். நாரே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று உஜின் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானான்.

அம்மா திரும்பி வந்தபோது கையில் கேமரா இருந்தது.

"அசையக் கூடாது. முகத்துல எதையும் பூசிடாதீங்க, மாப்பிள்ளை," என்றார். நேராக ஒன்று, இடமாக ஒன்று, வலமாக ஒன்று எடுத்தார். "ஏப்ரல்ல கல்யாணத்தை வச்சுக்கலாம். நாரே, பழம் வெட்டிக் கொண்டா."

நாரே சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உள்ளே ஓடினாள். அம்மா கண்ணாடிப் பக்கம் போய் 'முன்' படத்தை ஆணியிலிருந்து கழற்ற ஆரம்பித்தார்.

மடித்த துண்டை வைத்துவிட்டு அப்பா மெதுவாக வந்து உஜினின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த 'முன்' நான்தான், மாப்பிள்ளை. பக்கத்துல இருக்கறது வேற ஆளு. என்னோட 'பின்' எப்ப வரும்னு முப்பது வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்."