தட்டுக்கால் அண்ணனின் தனிக் கச்சேரி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் தட்டுக்கால் அண்ணன் என் மானத்தை வாங்கிய அளவுக்கு, இந்த மலாயாவில் யாரும் யார் மானத்தையும் வாங்கியிருக்க முடியாது.

ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு ஃபோர்மனாக இருந்த அயர்லாந்துக்காரர் ஊர் திரும்பும்போது, தன் பிடிலையும் நாலைந்து மெட்டுகளையும் இவரிடம் விட்டுப் போய்விட்டார். நம்மவர்கள் சம்மணம் போட்டு, பிடிலைக் கணுக்காலில் சாய்த்து, கண்ணியமாக வாசிப்பார்கள். இவர் நின்றபடி தாடைக்கடியில் செருகிக்கொண்டு, வலது காலால் தரையை மிதிப்பார். மெட்டு முடிந்ததென்று மூச்சு விட்டால், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். நாங்கள் இருவரும் குடியிருந்தது பலகை வீடு. அவர் மிதித்தால் அலமாரியில் பீங்கான் மங்குகள் நகரும். பாசாரில் மீன் விற்பவர்கூட என்னைத் ‘தட்டுக்கால் வீட்டுத் தம்பி’ என்பார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

காலால் மிதிப்பதையாவது விடுங்களேன் என்று ஒருமுறை கெஞ்சினேன்.

“தனியா வாசிக்கிறவன் மிருதங்கத்துக்கு எங்க போறது தம்பி? காலுதான்,” என்றார்.

இந்த லட்சணத்தில், கிள்ளானிலிருந்து பெண் வீட்டார் என்னைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. ஏற்கெனவே ஒரு வரன் வாசல்வரை வந்து, சத்தம் கேட்டுத் திரும்பிப் போயிருந்தது. இதுவும் போனால் எனக்குக் கல்யாணமே கிடையாது. அண்ணன் காலில் விழாத குறை. அன்றைக்குப் பிடிலைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார்.

பெண்ணின் அப்பா ரப்பர் தோட்டத்துக் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி, விறைப்பான மனிதர். காப்பியைக் கையில் எடுத்தார். உள்ளறையில் ஆரம்பித்தது. பிடில் இல்லை, கால் மட்டும். காப்பி தளும்பி அவர் வேட்டியில் கொட்டியது.

பக்கத்து வீட்டில் மாவு இடிக்கிறார்கள் என்றேன். காது மடல்வரை சூடேறியது.

“இவ்வளவு தாள சுத்தமா யாரு மாவு இடிக்கிறா?” என்றபடி எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

பிடில் துணியில் சுற்றி மூலையில் கிடந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த அண்ணன், இரண்டு கைகளாலும் வலது முழங்காலை அமுக்கிப் பிடித்திருந்தார். கால் அப்போதும் சொன்னபடி கேட்கவில்லை.

“வாசிக்கலைங்கய்யா. மனசுக்குள்ள ஓடுது, காலு அடங்க மாட்டேங்குது. தம்பிய தலைகுனிய வச்சுட்டேன்.”

வாசித்தே காட்டுங்கள் என்றார் கிராணி. எங்கள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று வாசித்தார். நானும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது கிராணி என்னைத் தனியே கூப்பிட்டார். போச்சு என்று நினைத்தேன்.

“ஒனக்காக ஒருத்தன் தன் காலோடயே மல்லுக்கட்டுறான்னா, ஒன்ன நம்பிப் பொண்ணு குடுக்கலாம்,” என்றார்.

கல்யாணமாகிச் செந்தூலில் வீடு பார்த்தபோது, அதே வாடகைக்கு நல்ல சிமெண்டுத் தரை வீடு கிடைத்தும் வேண்டாமென்றேன். பலகை வீட்டுக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று மனைவி கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து வாசித்தால் சிமெண்டில் கால் சத்தம் கேட்காதே என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.