ஐந்நூறு சைக்கிள் கூடுதல்

சிவப்புக் கோட்டுக்கு மேலே நீலக் கோடு மயிரிழை உயரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடிக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

தொழில்துறை அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயரைச் சும்மா வைக்கவில்லை. வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் இதற்குப் பின்னால் யார் என்று மனைவியைக் கேட்கிற புள்ளிவிவர அதிகாரி அவர். அமைச்சரின் உரைக்காக, நம் நாடும் பக்கத்து நாடும் முப்பது வருடமாகத் தயாரித்த சைக்கிள்களை ஒப்பிட்டு வரைபடம் கேட்டிருந்தார்கள். சிவப்பு நாம், நீலம் அவர்கள். முதல் பதினெட்டு வருடம் கோடுகள் தம் இஷ்டத்துக்கு ஏறி இறங்கின. கடைசிப் பன்னிரண்டு வருடமோ நூல் பிடித்தாற்போல் சேர்ந்தே போயின. கழித்துப் பார்த்தார். ஒவ்வொரு வருடமும் அவர்கள் சரியாக ஐந்நூறு கூடுதல்.

"நம்ம புத்தகம் ஜனவரியில வருது, அவங்களது மார்ச்சுல. நம்மளதைப் பார்த்து ஐந்நூறு கூட்டிப் போடுறாங்க சார்," என்றார் இயக்குநரிடம்.

"ஆதாரம் இருக்கா?" என்றார் இயக்குநர்.

ஆதாரம் தேட, பூதக்கண்ணாடி இந்த வருடப் புத்தகத்தை அச்சுக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்தார். மார்ச் வந்தது, போனது. அவர்களும் வெளியிடவில்லை. அவருக்குச் சந்தேகம் உறுதியாயிற்று. ஆனால் புத்தகம் எங்கே என்று அமைச்சர் அலுவலகம் குடைய ஆரம்பித்தது.

இதற்கிடையில் நாட்டின் ஒரே சைக்கிள் ஆலையிலிருந்து எண்களை வாங்கித் தரும் எழுத்தர் மேலும் அவர் கண் விழுந்தது. ஆலை அனுப்பிய அசல் கடிதத்தைக் காட்டச் சொன்னால் அந்த மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. மடியில் கனம் இல்லாதவன் ஏன் வியர்க்கிறான்? ஒருநாள் மதியம் பின்தொடர்ந்து போனார். எழுத்தர் நூலகத்தில் பக்கத்து நாட்டின் பழைய தொழில் புத்தகத்தை விரித்து வைத்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, பொது அறிவுக்காக என்றார். ஒற்றன்தான் என்று முடிவு கட்டிவிட்டார் பூதக்கண்ணாடி.

எழுத்தர் கொடுத்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, போன வருடத்தைப் போல இரண்டு மடங்கைத் தானே எழுதி அச்சுக்கு அனுப்பினார். தூண்டில் புழு அது. ஒரே வாரத்தில் பக்கத்து நாட்டுப் புத்தகம் வந்தது. அதே இரண்டு மடங்கு. அதற்கு மேல் ஐந்நூறு.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். சொல்லத்தான் முடியவில்லை. அதற்குள் அமைச்சர் சபையில் உற்பத்தி இரட்டிப்பானதாக முழங்கிவிட்டார். நம் ஆலையை நேரில் பார்க்கப் பக்கத்து நாட்டு அமைச்சரும் கிளம்பிவிட்டார். பொய் எண் என்று தெரிந்தால் வேலை போகும். பூதக்கண்ணாடிக்குச் சோறு இறங்கவில்லை.

அவர்கள் வந்த அன்று, அந்நாட்டுப் புள்ளிவிவர அதிகாரி அம்மாள் அலுவலகத் தாழ்வாரத்தில் தனியாக நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. இவர் நேராகப் போய், அந்த ஐந்நூறு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டார்.

அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். எங்க ஆலை மூடி பன்னிரண்டு வருஷமாச்சு. உங்களுக்குக் கீழ போகக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. உங்க எண்ணோட ஐந்நூறு கூட்டிப் போடுறேன்."

மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியது. ஓடாத ஆலைக்காரர்கள் நம்மைக் குறை சொல்லவா போகிறார்கள்? இரட்டிப்போ இல்லையோ, நம் ஆலையாவது ஓடுகிறதே. மிடுக்காக அறைக்குத் திரும்பி, விருந்தாளிகளை உடனே ஆலைக்கு அழைத்துப் போக வண்டி சொல்லும்படி எழுத்தரிடம் சொன்னார்.

எழுத்தர் எழுந்து நின்று குரலைத் தாழ்த்தினார்.

"எந்த ஆலைக்கு சார்? நம்மளது மூடி பதிமூணு வருஷமாச்சு. நான் அவங்க முந்தின வருஷப் புத்தகத்தைப் பார்த்துத்தான் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கிட்டிருந்தேன்."