என் தீவனக் கம்பெனியும் உங்கள் மகளின் ஐடி டிபார்ட்மென்ட்டும்

அலங்காநல்லூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை நல்லகாமன் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் அழகுபாண்டி வணக்கத்துடன் எழுதுவது. கோயம்புத்தூரில் நீங்களும் தங்கச்சி அழகம்மாளும் நிம்மதியாக இருப்பீர்கள். உங்கள் மகள் பாண்டிமீனாதான் இங்கே என்னிடம் இருக்கிறாளே! இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து அவளை அழைத்துப் போகவும்.

வளர்கிற கம்பெனிக்கு ஐடி டிபார்ட்மென்ட் வேண்டும், புதிதாக யோசிக்கிற முதலாளிக்கு அதுதான் கைகொடுக்கும் என்று சொன்னது நீங்கள். மாட்டுத்தீவனத்துக்கு எதற்கு ஐடி என்று நினைத்தாலும், மருமகளாயிற்றே என்று ஏசி அறையே கொடுத்தேன். புதிதாக யோசிக்கவும் செய்தேன் மாப்பிள்ளை. விவசாயி போனில் ஒரு தட்டுத் தட்டினால் தீவன மூட்டை அவர் தொழுவத்துக்கே போய் இறங்க வேண்டும். அதற்கு ஓர் ஆப். சொன்னதும் பாண்டிமீனா, "நல்ல யோசனை மாமா. மொதல்ல நாலஞ்சு வீட்டுக்கு மட்டும் அனுப்பிப் பாப்போம்" என்றாள். அதற்குள் நான் ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாயிற்று. போஸ்டரில் காளையைவிட என் படம் பெரிது. எப்படித் தள்ளிப்போடுவது? அவளுக்குச் சொல்லாமல், கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு தம்பியைப் பிடித்து ஆப்பை முடித்து, வெள்ளிக்கிழமை தேங்காய் உடைத்துத் தொடங்கிவிட்டேன்.

ஆர்டர் கொட்டியது. லாரிகள் கிளம்பின. அத்தனையும் நேராக மதுரை டவுனுக்குள் இருக்கும் வில்லாபுரத்துக்குப் போயின! அந்தத் தம்பி, சோதனைக்காகத் தன் சித்தி முத்துத்தாயின் முகவரியைப் போட்டுப் பார்த்துவிட்டு எடுக்க மறந்திருக்கிறான். நம் டிரைவர்களோ போன் காட்டிய வழியைத் தவிர வேறெதையும் நம்புவதில்லை.

முத்துத்தாய் போனில் அழுதார். "அண்ணே, எங்க தெருவுல ஒரு மாடுகூடக் கிடையாது. வாசல மறிச்சு இம்புட்டு மூட்டையையும் அடுக்கிட்டுப் போயிட்டாய்ங்க. நான் எப்புடி வெளிய வர்றது?"

இந்தப் பக்கம் பால்காரர் உக்கிரபாண்டி கம்பெனி வாசலில் நின்று, "வெறும் வைக்கோலப் போட்டதுலருந்து மாடு என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்குதுண்ணே" என்கிறார்.

பதறிப்போய் பாண்டிமீனாவிடம் ஓடினேன். "டிக்கெட் போடுங்க மாமா" என்கிறாள். "எந்த ஊருக்கு?" என்றேன். குறையை எழுதிக் கொடுப்பதற்கு அதுதான் பெயராம். பிறகு ஆப்பை நிறுத்தினாள், ஆர்டர் போட்டவர்களிடம் தானே பேசினாள், கிடங்கிலிருந்து சரியான வீடுகளுக்கு மூட்டை அனுப்பினாள். அதெல்லாம் சரி மாப்பிள்ளை. ஆனால் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டாள்! என் கம்பெனி, என் ஆப், உள்ளே போக நான் அவளிடம் கேட்கணுமாம். கேட்டால், "எதுக்கு மாமா?" என்கிறாள். இந்த வயசுல எனக்கு இது தேவையா, நீங்களே சொல்லுங்க.

தங்கச்சியின் மூட்டுவலி குறைய அழகர் துணையிருக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
அழகுபாண்டி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது செய்தி வந்தது. வில்லாபுரத்து மூட்டைகளைத் திருப்பி எடுக்கப் போன லாரி காலியாக வந்திருக்கிறது. பக்கத்து அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர்கள் அவ்வளவையும் முத்துத்தாயிடமே வாங்கிப் போய்விட்டார்களாம். "அண்ணே, அடுத்த லோடு எப்ப வருது?" என்று அவர் கேட்கிறார். பாண்டிமீனா அதற்குள் அவர் வீட்டை ஆப்பில் நம் கிளையாகச் சேர்த்துவிட்டு, உதவிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று எனக்கே டிக்கெட் போட்டிருக்கிறாள். ஆகவே தாங்கள் வர வேண்டாம். சின்னவள் முனீஸ்வரியும் கம்ப்யூட்டர் படிப்புத்தான் முடித்திருக்கிறாளாமே? அவளையும் உடனே பஸ் ஏற்றிவிடவும்.